மியூவான் மேடத்துக்கு எத்தனை மேற்கோள்?

தனக்குக் கிடைத்த எண்ணிக்கை ரொம்ப அதிகம், உடனே குறைத்துப் போடுங்கள் என்று ஆபீசுக்கு வந்து சண்டை போட்ட ஒரே மனிதப் பிறவி, நான் பார்த்தவரை, எங்கள் மியூவான் மேடம்தான். குறைந்துவிட்டது என்று வருகிறவர்கள் எனக்கு நன்றாகப் பழக்கம். தஞ்சாவூருக்கு வெளியே வயலுக்கு நடுவில் நிற்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் ஆபீஸ் சூப்பிரண்டு. லீவு குறைகிறது, வருகைப் பதிவு குறைகிறது, மரியாதை குறைகிறது என்று காலையிலிருந்தே என் மேஜைக்கு முன்னால் கூட்டம் நிற்கும். அதிகமாகிவிட்டது என்று ஒருவர் வந்து நின்றால் ஆபீஸ் என்ன செய்யும்? எங்களிடம் அதற்குப் படிவமே கிடையாது.

மேடத்துக்கு அப்பா அம்மா வைத்த அழகான பேர் ஒன்று உண்டு. ஆனால் வாட்ச்மேன் முதல் துணைவேந்தர் வரை எல்லோருக்கும் அவர் மியூவான் மேடம். பூனை கத்துகிற மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்தவன்தான். மியூவான் என்பது ஒரு துகள். அணுவைவிடச் சின்னது. மேடம் அந்த மாதிரித் துகள்களை ஆராய்கிற இயற்பியல் பேராசிரியை. சொந்த ஊர் நாகப்பட்டினம், அப்பா விசைப்படகு ஓட்டியவர். இன்ஜின் சத்தத்தையும் கடல் காற்றையும் மீறிப் பேசிப் பழகின குடும்பம். மேடம் மூன்றாவது மாடியில் ரகசியம் பேசினால் கேன்டீனில் வடை போடுகிறவர் பதில் சொல்வார்.

அவருடைய சாம்ராஜ்யம் இயற்பியல் கட்டடத்தின் மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட ஒரே ஒரு அறை. சித்திரை மாதத்தில் அதற்குள் நின்றால் நாமே வெந்து இறக்கத் தயாராகிவிடுவோம். நாற்காலி மேஜைக்கு நம்பர் போடுவதற்காக நான் முதல்முதலில் அங்கே போனபோது, கறுப்புக் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி நடுவில் உட்கார்ந்து டிக், டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"சார், கையை நீட்டுங்க" என்றார் மேடம்.

நீட்டினேன்.

"இப்ப ஒண்ணு போச்சு. இந்தா, இன்னொண்ணு போச்சு."

"என்ன மேடம் போச்சு?"

"மியூவான் சார். மேல காத்து மண்டலத்துல பொறந்து, உங்க உள்ளங்கை வழியா, இந்தத் தளம் வழியா, கீழ உங்க ஆபீஸ் வழியா பூமிக்குள்ள போய்க்கிட்டே இருக்கு. ராத்திரி பகல்னு இல்லாம விழுது. அதைத்தான் இந்தப் பெட்டி எண்ணுது."

"வலிக்காதா மேடம்?"

"இத்தனை வருஷமா வலிச்சுதா?"

நான் பி.காம். படித்தவன். வரவு எது, செலவு எது என்று தெரியும். வானம் என் கையைத் துளைத்துக்கொண்டு போகிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அன்று சாயங்காலம் வரை கோப்பைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் ரேகை ஜோசியம் கற்றுக்கொள்கிறேனா என்று கேட்டார்.

இதே வித்தையை மேடம் தேர்தல் பறக்கும் படையிடமே காட்டியிருக்கிறார். சின்னப் பெட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரின் காலடியில் வைத்துக்கொண்டு திருவிடைமருதூர்ப் பக்கம் போனபோது மறித்துவிட்டார்கள்.

"இதுல என்னம்மா இருக்கு?"

"இப்ப ஒண்ணும் இல்ல சார். ஆனா விழுந்துக்கிட்டே இருக்கு."

அதிகாரி அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். மேடம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பறக்கும் படை மொத்தமும் நடுரோட்டில் கையை நீட்டிக்கொண்டு நின்றது. பின்னால் நின்ற டவுன் பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து, பிரசாதம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துத் தாங்களும் கையை நீட்டினார்களாம். அந்தத் தேர்தலில் வேறு எந்த வண்டியும் அங்கே சோதிக்கப்படவில்லை என்று கேள்வி.

மேடத்தின் ஆராய்ச்சி இந்த மாடியோடு முடிவதில்லை. ஐரோப்பாவில் மலைக்கடியில் சுரங்கம் வெட்டித் துகள்களை மோதவிட்டுப் பார்க்கிற பெரிய பரிசோதனை ஒன்றில் அவரும் ஒரு ஆள். உலகம் முழுக்க மூவாயிரம் பேர் சேர்ந்து செய்கிற வேலை. அவர்களோடு வாராவாரம் வீடியோவில் கூட்டம் நடக்கும். பாதிக் கூட்டங்களை மேடம் நாகப்பட்டினம் போகிற பஸ்ஸில் இருந்தபடியே முடித்துவிடுவார். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் எங்கள் ஊர் பிரைவேட் பஸ்ஸின் ஏர் ஹாரனும் சேர்ந்து திறக்கும். சுரங்கத்துக்காரர்கள் முதலில் காதைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம் பழகிவிட்டது. ஹாரன் கேட்காத வாரம், "உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்களாம்.

இந்த நேரத்தில்தான் எங்கள் சேர்மனுக்கு ஒரு யோசனை வந்தது. ஆராய்ச்சி செய்கிறோம் செய்கிறோம் என்கிறார்களே, அதில் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்று அளந்து பார்த்துவிட வேண்டும். அளவுகோல், சைட்டேஷன். அதாவது மேற்கோள். நான் ஒரு கட்டுரை எழுதுகிறேன், நீங்கள் உங்கள் கட்டுரையில் 'இன்னார் இதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்' என்று என் பேரைப் போட்டால் எனக்கு ஒரு மேற்கோள். எண்ணிக்கை கூடியவர்களுக்கு ஆய்வுக்கூடம் தொடரும். குறைந்தவர்களின் இடத்தை நிர்வாகம் எடுத்துக்கொள்ளும். விளம்பர வீடியோ எடுக்க ஒரு ஸ்டூடியோ வேண்டும் என்று சேர்மன் ரொம்ப நாளாக மொட்டை மாடி அறை மேல் கண் வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். எண்ணிக்கையைத் திரட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது.

வேதியியலில் ஒருவர் இருந்தார். பசங்க வைத்த பேர் பீக்கர் சார். மழை வருமா என்று விவசாயி வானத்தைப் பார்ப்பதுபோல் அவர் மேற்கோள் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு கட்டுரையிலும் தன்னையே தாராளமாக மேற்கோள் காட்டுவார், தன்னிடம் படிப்பவர்களையும் காட்ட வைப்பார். முதலிடம் தனக்குத்தான் என்று கேன்டீனில் சுவீட்டுக்கே சொல்லி வைத்திருந்தார். கணக்கு வந்தது. பீக்கர் சார் இரண்டாவது. முதலிடத்தில் மியூவான் மேடம். சும்மா முதலிடம் இல்லை, பல்கலைக்கழகத்தில் இருக்கிற மற்ற அத்தனை பேரையும் ஒன்றாகக் கட்டித் தராசில் போட்டாலும் மேடத்தின் தட்டு மேலே வராது. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எண் அப்படியேதான் இருந்தது. இந்த அம்மாவா நேற்று என்னிடம் ஸ்டேப்ளர் பின் கேட்டு வந்தது?

மறுநாள் காலையில் வாசலில் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. 'துகள் இயற்பியலின் இமயமே! உலகை ஆளும் தஞ்சையின் தாரகையே!' நடுவில் மேடத்தின் அடையாள அட்டைப் படம், இமயம் கண்ணை மூடித் தூங்குவதுபோல். மேடம் ஸ்கூட்டரில் வந்தார், பார்த்தார், நிறுத்தினார். தோட்டக்காரரிடம் அரிவாள் வாங்கினார். சாரத்தில் ஏறி நாலு கயிற்றையும் அறுத்து இமயத்தைத் தரையில் இறக்கினார். பிறகு அதை மடித்து ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய், மாடி அறைக் கூரையில் ஒழுகுகிற இடத்தில் போர்த்திவிட்டு, நேராக டீன் அறைக்கு வந்தார். நான் கோப்போடு அங்கே நின்றிருந்தேன்.

"சார், எனக்குப் போட்டிருக்கிற நம்பர் தப்பு. குறைச்சுப் போடுங்க."

டீன் நல்ல மனிதர், கணிதத்துக்காரர். அவருக்கே தலை சுற்றியது. "மேடம், எல்லாரும் ஏத்தச் சொல்லித்தான் வர்றாங்க. உங்க பேரு அந்தக் கட்டுரைங்கள்ல இருக்கா, இல்லையா?"

"இருக்கு. கூடவே மூவாயிரம் பேரு இருக்கு. எங்க வழக்கம் அப்படி. சுரங்கத்துல கம்பி கட்டினவங்க, கணக்குப் போட்டவங்க, ஷிஃப்ட் போட்டு மெஷினைப் பார்த்துக்கிட்டவங்க எல்லார் பேரும் வரும், அகர வரிசையில வரும். கட்டுரை நாலு பக்கம், பேரு அதைவிட அதிகப் பக்கம். கல்யாணப் பத்திரிகையில அத்தைன்னு என் பேரு இருந்தா, நான்தான் கல்யாணப் பொண்ணுன்னு அர்த்தமா சார்?"

டீன் சிரிப்பை அடக்க இருமினார். "சரி மேடம். அப்ப ஒவ்வொரு கட்டுரையையும் ஆள் கணக்குக்கு வகுத்துடலாமா?"

என்னை வகுக்கச் சொன்னார். வகுத்தேன். இமயம் கரைந்து, குன்றாகி, மேடாகி, கடைசியில் ஒரு கைப்பிடி மணலாக வந்து நின்றது. பட்டியலின் அடிவாரத்துக்குப் போய்விட்டார் மேடம். மாடி அறை போய்விடும் என்பது அந்த எண்ணிலேயே எழுதியிருந்தது.

மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் தப்பு" என்றார்.

"அய்யோ, இது என்ன மேடம் தப்பு?" டீன் ஏறக்குறைய அழுதுவிட்டார்.

"எங்கப்பா போட்டுல கடலுக்குப் போவாங்க. மீனு மேல இவன் பிடிச்சது, அவன் பிடிச்சதுன்னு எழுதியா ஒட்டியிருக்கும்? அதுக்காகத் தலைக்கு ஒண்ணுன்னு பிரிப்பாங்களா? டிரைவருக்குக் கூடுதல் பங்கு, வலைக்குத் தனிப் பங்கு. யாரு என்ன செஞ்சான்னு போட்டுல இருக்கிறவனுக்குத்தான் தெரியும். கரையில நின்னு கூடையை எண்ணுறவனுக்குத் தெரியாது."

"அப்ப சரியான நம்பர் எது?"

"தெரியாது சார். தெரியாதுன்னு போடுங்க. போட்டுத்தான் ஆகணும்னா, எவ்வளவு தப்பா இருக்கலாம்னு பக்கத்துல பிளஸ் ஆர் மைனஸ் போட்டு எழுதுங்க. அது இல்லாம நம்பர் எழுதுறது எங்க வேலையில பாவம்."

போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் 'எண் மட்டும்' என்று சிவப்பாகக் கத்தியது.

வராந்தாவில் மேடத்தைப் பிடித்தேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது. "மேடம், பெரிய நம்பர் தானா வந்துச்சு. நீங்க திருடல. பேசாம இருந்தா ரூமு நிக்கும். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க போவீங்க?"

மேடத்தின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "எனக்கும் அந்த ரூமு உசுரு சார். ஆனா அளக்குற கருவி தப்பாக் காட்டுதுன்னு தெரிஞ்சும், நமக்குச் சாதகமா இருக்குன்னு அதையே எழுதிக்கிட்டா, அப்புறம் அந்த ரூமுல உக்காந்து நான் எதைச் சார் அளக்குறது?"

இப்படி ஒரு ஆளை எங்கே வைத்துக் கும்பிடுவது என்றுதான் தோன்றியது.

டீனுக்கும் மனசு கேட்கவில்லை. படகில் இருப்பவனுக்குத்தான் தெரியும் என்றால் படகில் இருப்பவர்களையே கேட்டுவிடலாம் என்று, அந்த வாரக் கூட்டத்துக்கு மேடத்தின் லேப்டாப்புக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். நானும் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். டீன் நீளமாக, மரியாதையாக ஏதோ ஆரம்பித்தார். எனக்குப் பொறுமையில்லை. "மேடம் இல்லாவிட்டால் உங்களுக்கு என்ன ஆகும்?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் குறுக்கே கேட்டுவிட்டேன்.

கட்டங்களில் புருவங்கள் உயர்ந்தன. ஒன்றும் ஆகாது போலிருக்கிறது என்று நான் பயந்தே போனேன். ஒரு நரைத்த தலை ஜெர்மன் அம்மா தொண்டையைச் செருமினார். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னதால் எனக்கே புரிந்தது.

துகளைப் பிடிக்கிற கருவிகள் சூடு ஏறினால் கொஞ்சம் தப்பாகக் காட்டும். சுரங்கத்தில் எல்லாம் குளுகுளு என்று இருப்பதால் அந்தத் தப்பு கண்ணுக்கே தெரியாத அளவில் ஒளிந்திருந்ததாம். இங்கே தகரக் கூரைக்கு அடியில், அக்னி நட்சத்திரத்தில், அது பூதாகரமாக வளர்ந்து மேடத்தின் கண்ணில் பட்டிருக்கிறது. எந்தச் சூட்டுக்கு எவ்வளவு திருத்த வேண்டும் என்று மேடம் ஒரு சூத்திரம் போட்டு அவர்களுக்கு அனுப்பியிருக்கிறார். தனிக் கட்டுரையாக எழுதவில்லை. அது அப்படியே அவர்களுடைய புரோகிராமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர், 'தஞ்சாவூர்'. வெளிவருகிற ஒவ்வொரு முடிவும் தஞ்சாவூரைத் தாண்டித்தான் வருகிறது. யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்கிறவன் குழாயைச் செய்தவன் பேரைச் சொல்லிவிட்டா குடிக்கிறான்?

ஒரு இளைஞர் குறுக்கிட்டார். அவர் தினமும் தஞ்சாவூரைப் பயன்படுத்துகிறாராம். 'டாஞ்சோர்' என்று பழைய காலத்து விஞ்ஞானி ஒருவர் இருந்து செத்துப்போயிருக்கிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாராம். "அது நீங்களா? ஹாரன் சத்தத்தோடு வருவீர்களே, நீங்களா?" என்றார்.

அந்த அம்மா, தஞ்சாவூரைப் பயன்படுத்துகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். ஒரு கட்டத்தில் சின்ன மஞ்சள் கை முளைத்தது. பக்கத்துக் கட்டத்தில் ஒன்று. பிறகு மளமளவென்று, நாற்று நட்ட வயல் நிறைவதுபோல், திரை முழுக்கக் கைகள். அடுத்த பக்கம் தள்ளினால் அங்கேயும் கைகள். எந்தெந்த நாடோ, எந்தெந்த ஊரோ. எனக்குக் கண் மறைத்தது. டீன் எழுந்தே நின்றுவிட்டார்.

"சூப்பிரண்டு, எண்ணுய்யா, எண்ணு!" என்றார்.

"எண்ணாதீங்க சார்" என்றார் மேடம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பாதிப் பேரு லேப்டாப்புல ஒண்ணு, போன்ல ஒண்ணுன்னு ரெண்டு தடவை இருப்பாங்க. தப்பாப் போயிடும்."

டீன் அன்றே சேர்மனிடம் ஓடினார். சுரங்கம், சூடு, மஞ்சள் கைகள், எல்லாவற்றையும் சொன்னாராம். சேர்மன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரொம்பப் பெருமையா இருக்கு. அப்ப நம்பர் எவ்வளவு?" என்றாராம். அவ்வளவுதான். மேடத்தின் கட்டத்தைக் காலியாக விட்டேன். கம்ப்யூட்டர் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. அறை போயிற்று. தகரத்தைப் பிரித்துவிட்டுப் புதுக்கூரை போட்டார்கள், ஸ்டூடியோ வந்தது. அங்கே முதல் வேலையாக ஏசி மாட்டினார்கள்.

பெட்டியை இறக்கிய அன்று ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். மறுபக்கத்தைப் பிடிக்க வந்தவர் பீக்கர் சார். மூன்று மாடி இறங்கும் வரை மூச்சு வாங்கினார். பெட்டி நேராக என் வீட்டுக்கு வந்தது. மேலே ஒரே ஒரு அறை, ஷீட் போட்டது, பழைய சாமான் அடைத்து வைத்திருந்தோம். மேடம் உள்ளே நுழைந்து ஒரு நிமிஷம் நின்றார். வியர்வை ஆறாக ஓடியது. முகம் மலர்ந்துவிட்டது.

"சார், இது அந்த ரூமைவிடக் கொதிக்குதே! இப்படி ஒரு இடத்தை வச்சுக்கிட்டா சும்மா இருந்தீங்க?"

எங்கள் வீட்டை யாரும் இவ்வளவு புகழ்ந்ததில்லை. என் மனைவி பிளஸ் டூவோடு நிறுத்தியவள். முதலில், பழைய சாமான் வைக்க இடம் போச்சு என்று முணுமுணுத்தாள். இரண்டு வாரத்தில் கரண்ட் போனால் அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடி இன்வெர்ட்டரைப் பார்க்க ஆரம்பித்தாள். மேடம் கல்லூரியில் இருக்கும் நேரமெல்லாம் தெர்மாமீட்டரைப் பார்த்து வாட்ஸ்அப்பில் சூட்டை அனுப்புவாள். "என்னக்கா, இன்னிக்கு டிக் டிக் கொஞ்சம் மந்தமா இருக்குன்னு சொன்னீங்களே, சரிதான், ஒரு ஒயரு லூசாயிருக்கு" என்று மேடம் வந்து பார்த்துச் சொன்ன அன்று அவள் எனக்குக் காபியே போடவில்லை, அவ்வளவு பெருமை.

போன மாதம் அந்தச் சூட்டைப் பற்றியே மேடம் ஒரு கட்டுரை வெளியிட்டார். சின்னக் கட்டுரை. இந்தத் தடவை மூவாயிரம் பேர் இல்லை, இரண்டே பேர். ஒன்று மேடம். இன்னொன்று என் மனைவி.

"என்ன மேடம் இது, அவ பேரைப் போட்டிருக்கீங்க?" என்று பதறினேன்.

"பின்னே? ஷிஃப்ட் பார்த்தது யாரு சார்? நீங்களா?"

என் மனைவி அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, கண்ணாடி போட்டு, பூஜை அறையில் மாட்டியிருக்கிறாள். அந்தக் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டினார்களா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை. மேடம் இந்த வாரம் நாகப்பட்டினத்துக்கு அப்பாவைப் பார்க்கப் போயிருக்கிறார். பெட்டி ஒழுங்காக எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் அந்த உரத்த குரல் இல்லாமல் வீடே வெறிச்சென்று கிடக்கிறது. என் மனைவி போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டாள், நானும் கேட்டுவிட்டேன், அவர் எப்போது திரும்பி வருவார் என்று.